மில்ஹெம் சொல்லாத இருபது நிமிடம்

பெய்ரூத்தில், பதாரோ பகுதியில், எங்கள் கட்டடத்துக்கு எதிரே ஒரு காலி மனை இருந்தது. உள்நாட்டுச் சண்டையில் இடிந்துபோன வீட்டின் மனை. அதில் முப்பது கார் நிறுத்தலாம். மில்ஹெம் நிறுத்தினால் நாற்பது. ஒரு காரை வெளியே எடுக்க மூன்று காரை நகர்த்த வேண்டியிருக்கும் என்பதால், சாவியை அவனிடம் விட்டுவிட்டுத்தான் எல்லோரும் போவோம். தகரக் கொட்டகைக்குள் ஒரு பலகை, அதில் ஆணிகள், ஆணிகளில் எங்கள் சாவிகள்.

மில்ஹெமுக்கு அப்போது இருபத்தைந்து வயது. பெக்கா சமவெளியிலிருந்து வந்தவன். கார் நிற்கும் கோணத்தைப் பார்த்தே, இன்று யார் பெண்டாட்டியோடு சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறார் என்று சொல்லிவிடுவான். நான் தெருக்கோடிப் பள்ளியில் கணக்கு வாத்தியார். தனியாக நாலாம் மாடியில் இருப்பவள். என்னை அவன் மிஸ் ஸல்வா என்றுதான் கூப்பிடுவான், அவன் என்னிடம் ஒரு நாளும் படிக்காதவனாக இருந்தும்.

அவனுக்கு ஒரே சிநேகிதன் ஃபிராஸ். தெற்கே நபத்தியே பக்கத்துக் கிராமத்தான். எதிர்வரிசையில் கைப்பேசிக் கடை வைத்திருந்தான். என் பால்கனியில் நின்றால் இவர்கள் பேச்சு முழுக்கக் கேட்கும்.

"நாப்பது கார் வச்சிருக்க. ஒண்ணையாவது தெருமுனை தாண்டி ஓட்டியிருக்கியாடா?"

"நீ நானூறு போன் வச்சிருக்க. ஒரு பொண்ணாவது உனக்குப் போன் பண்ணியிருக்காளா?"

அங்கே கார் நிறுத்துகிறவர்களில், உஸ்தாத் என்று எல்லோரும் மரியாதையாகக் கூப்பிடும் ஸுஹைலும் ஒருவர். பத்திரிகையில் வாரம் இரண்டு கட்டுரை எழுதுவார். தப்பு செய்யும் அதிகாரக்காரர்களைப் பெயர் சொல்லி எழுதுவார், அதுதான் அவரிடம் விசேஷம். காரை விட்டு இறங்கியதும் அன்றைய பத்திரிகையை மில்ஹெமிடம் கொடுப்பார். சாயங்காலம் திரும்பி வந்து, "புரிஞ்சுதா?" என்பார்.

"பாதி புரிஞ்சுது உஸ்தாத்."

"போதும். முழுசும் புரிஞ்சா நீ கார் நிறுத்தற வேலையை விட்டுட்டுக் கட்டுரை எழுத வந்துடுவ. அப்புறம் என் காரை யாரு எடுத்துத் தருவா?"

2005 பிப்ரவரியில் முன்னாள் பிரதமரைக் குண்டு வைத்துக் கொன்றார்கள். அந்தச் சத்தத்தில் எங்கள் பள்ளிக்கூட ஜன்னல்களும் அதிர்ந்தன. அதற்குப் பின் வந்த வாரங்களில் பல வருடமாக நாட்டில் இருந்த சிரியப் படை வெளியேற வேண்டும் என்று நகரமே சதுக்கத்துக்குப் போயிற்று. என் வகுப்புப் பிள்ளைகள் போனார்கள், நானும் போனேன். மில்ஹெமும் ஃபிராஸும் ஒரே கூடாரத்தில், ஒரே கம்பளியில் ஆறு வாரம் கிடந்தார்கள். ஃபிராஸின் ஊர்க்காரர்கள் பலர் சிரியாவை ஆதரித்த வேறொரு ஊர்வலத்துக்குப் போனார்கள். அவனுடைய மாமா அவனைக் கூப்பிட்டுத் திட்டினார். அவன் அசையவில்லை. உஸ்தாத் ஸுஹைல் காலையில் தைம் என்ற வாசனை இலைப்பொடி தடவிய சூடான ரொட்டிகளைக் கட்டிக்கொண்டு வந்து கூடாரம் கூடாரமாகக் கொடுப்பார்.

ஏப்ரலில் சிரியப் படை வெளியேறியது. கொன்றவர்கள் யாரென்று விசாரணையில் வந்துவிடும், பெயர் வெளியே வரும், அதோடு இந்தக் கொலைகள் முடியும் என்று அந்தப் பிள்ளைகள் நம்பினார்கள். ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருந்த நானும் நம்பினேன்.

ஜூன் மாதம் ஒரு வியாழக்கிழமை காலை பத்தரை மணி. நான் வீட்டில் ஆண்டுத் தேர்வு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். பால்கனிக் கண்ணாடி என் மேசைமேல் வந்து விழுந்தது. சத்தம் அதற்குப் பிறகுதான் கேட்டதுபோல் இருந்தது. கீழே பார்த்தேன். உஸ்தாதின் பச்சைக் கார் இருந்த இடத்தில் கரும்புகை. மில்ஹெம் மனையின் கடைசி மூலையில் இன்னொரு காரை நகர்த்திக்கொண்டிருந்ததால் பிழைத்தான். ஒரு காது மட்டும் கேட்காமல் போயிற்று. உஸ்தாதின் உடம்பில் வீட்டாருக்குக் கொடுக்க அதிகம் மிஞ்சவில்லை.

குண்டு ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் வைக்கப்பட்டிருந்தது என்றார்கள். கதவு உடைக்கப்படவில்லை. சாவி போட்டுத் திறந்திருக்கிறார்கள். அன்று மத்தியானமே, காதில் போட்ட கட்டோடு மில்ஹெமைக் கொண்டுபோனார்கள்.

சாயங்காலம் தெருக்காரர்கள் மாடிப்படியில் கூடிப் பேசினோம். இறந்தவரைப் பற்றிப் பேசிய நேரம் கொஞ்சம்தான். முதல் மாடிப் பல் டாக்டர் சொன்னார்: "அவன் சாவி குடுக்காம யாரு திறக்க முடியும்?"

"நல்ல பையன் டாக்டர்," என்றேன்.

"நல்ல பையன்தான். ஆளை விலைக்கு வாங்கறவன் சந்தேகம் வர்ற கெட்டவன்கிட்டயா போவான்?"

யாரும் மறுக்கவில்லை. நானும் அதற்குமேல் பேசவில்லை. மறுநாள் அவரவர் சாவியைக் கேட்டு மனைக்காரர் வீட்டு வாசலில் நின்றோம். வரிசையில் நான் மூன்றாவது ஆள்.

சனிக்கிழமை ஒரு அதிகாரி என் வீட்டுக்கு வந்தார். சீருடை இல்லை. இஸ்திரி போட்ட சட்டை, மெல்லிய குரல். பால்கனியில் நின்று மனையைப் பார்த்தார்.

"இங்கேருந்து எல்லாம் நல்லாத் தெரியுதே, மேடம். இந்த வாரம் வித்தியாசமா ஏதாவது பாத்தீங்களா?"

நான் பார்த்திருந்தேன். செவ்வாய்க்கிழமை மத்தியானம் என் சமையல் எரிவாயு தீர்ந்துவிட்டது. புது சிலிண்டரைக் கடைக்காரப் பையன் கீழேயே வைத்துவிட்டுப் போய்விட்டான். மின்சாரம் இல்லை, லிஃப்ட் ஓடவில்லை. பால்கனியிலிருந்து மில்ஹெமைக் கூப்பிட்டேன். தோளில் தூக்கிக்கொண்டு நாலு மாடி ஏறி வந்தான். மாட்டிப் பார்த்ததும் குழாய் கசிந்தது. சோப்பு நுரை தடவி, கசியும் இடத்தைக் கண்டுபிடித்து இறுக்கிவிட்டுப் போனான். இருபது நிமிடம் ஆகியிருக்கும். அவன் இறங்கும்போது நான் எட்டிப் பார்த்தேன். தகரக் கொட்டகைக்குள், சாவிப் பலகைக்கு முன்னால், ஃபிராஸ் தனியாக உட்கார்ந்திருந்தான்.

"செவ்வாக்கிழமை மத்தியானம் எதிர்க்கடை ஃபிராஸ் கொட்டகைக்குள்ள தனியா இருந்தான்," என்றேன்.

"அப்ப மில்ஹெம் எங்க போயிருந்தான்?"

"தெரியலை."

அந்த ஒரு வார்த்தையை நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். என் வீட்டுக்குத்தான் வந்தான் என்று சொன்னால், ஏன் அன்றைக்கென்று பார்த்து அவனை மேலே கூப்பிட்டாய் என்பார்கள். சிலிண்டர் தீர்ந்தது என்று நான் சொன்னால் நம்புவார்களா? அந்தப் பயம்தான். ஃபிராஸின் பெயரைச் சொன்னதற்கு மட்டும் பயம் காரணமில்லை. அவன் தெற்கத்தி ஷியா, அவனுடைய மாமா ஒரு கட்சியில் இருக்கிறார், யார் கண்டது என்று எனக்குள் ஓடியது. நான் அப்படி நினைக்கிறவள் இல்லை என்று அந்த நாள்வரை நம்பிக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஃபிராஸைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

மில்ஹெமை ஒன்பது நாளில் விட்டார்கள். பத்துக் கிலோ குறைந்திருந்தான். மனைக்காரர் அவனைத் திரும்ப வேலைக்கு வைத்துக்கொண்டார், ஆனால் யாரும் சாவி கொடுக்கவில்லை. சாவி கொடுக்காத இடத்தில் நெருக்கி நிறுத்த முடியாது. பதினைந்து கார் நின்றது, பிறகு எட்டு. அவன் பலகைக்கு முன்னால் வெறுமனே உட்கார்ந்திருப்பான். நான் படியிறங்கி வந்தால் எழுந்து வணக்கம் சொல்வான். அவனுக்கு நடந்தது என்ன, உள்ளே என்ன கேட்டார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. என்னைக் காட்டிக் கொடுத்தானா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. யாரும் என்னைத் தேடி வரவில்லை. ஆகவே காட்டிக் கொடுக்கவில்லை என்று புரிந்துகொண்டேன்.

அந்த வருடமும் அடுத்த இரண்டு வருடங்களும் வரிசையாகக் கொலைகள் நடந்தன. எழுதுகிறவர், சட்டமன்றத்தில் உட்காருகிறவர், தொலைக்காட்சியில் பேசுகிறவர் என்று ஒவ்வொருவராக. ஊர் பேசும் விதமே மாறிற்று. குண்டுச் சத்தம் கேட்டால் முதலில் எந்தத் தெரு என்று கேட்போம், அடுத்து யார் என்று. செய்தது யார் என்ற கேள்வியை மட்டும் எதிரே நிற்பவர் எந்த மதம் என்று காட்டும் குடும்பப் பெயரைப் பார்த்துவிட்டுத்தான் கேட்போம், அல்லது கேட்காமல் விட்டுவிடுவோம். பள்ளியில் விவரச் சீட்டு நிரப்பச் சொன்னால் பிள்ளைகள் அப்பாவின் தொழில் என்ற இடத்தைக் காலியாக விட்டார்கள். பதினோரு வயதுப் பெண் ஒருத்தியிடம், "நீ எந்த வழியாம்மா வீட்டுக்குப் போற?" என்று சாதாரணமாகக் கேட்டேன். நான் போகும் பக்கமாக இருந்தால் துணைக்குக் கூட்டிப் போகலாம் என்றுதான் கேட்டேன்.

"தினமும் வேற வழி மிஸ்," என்றாள். எந்த வழி என்று சொல்லவில்லை.

சதுக்கத்தில் ஒரே கூடாரத்தில் கிடந்த பிள்ளைகள் ஒருவர் எண்ணை இன்னொருவர் கைப்பேசியிலிருந்து அழித்தார்கள். மில்ஹெமிடம் ஃபிராஸைப் பற்றி ஒரே ஒரு முறை பேச்செடுத்தேன்.

"அவனைப் பத்திப் பேச வேண்டாம் மிஸ்."

"ஏன்?"

"சும்மாவா பிடிப்பாங்க?"

நவம்பரில் ஃபிராஸின் அம்மா என் வீட்டுக் கதவைத் தட்டினார். மகனைப் பிடித்து ஐந்து மாதம் ஆகியிருந்தது, குற்றம் எதுவும் சாட்டவில்லை. கறுப்புத் துணி போர்த்திய சின்ன உடம்பு. நாலு மாடி ஏறிய மூச்சிரைப்பு அடங்குமுன் மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். உலர்ந்த அத்திப்பழம்.

"எங்க மரத்துப் பழம் தாயி. எனக்கு எழுத வராது. நீங்க வாத்தியார்னு சொன்னாங்க. நீதிபதிக்கு ஒரு மனு எழுதித் தரணும்."

"நான் எழுதினா..."

"உங்க ஆளுங்க, கிறிஸ்தவங்க எழுதினா மரியாதை இருக்கும்னு சொல்றாங்க. என் புள்ள எறும்பைக்கூட மிதிக்க மாட்டான். எவனோ ஒருத்தன் இவன் பேரைச் சொல்லியிருக்கான். அவனை ஆண்டவன் பாத்துக்கட்டும்."

உட்கார்ந்து எழுதினேன். மூன்று பக்கம், என்னால் முடிந்த நல்ல அரபியில். அவனை எனக்கு ஏழு வருடமாகத் தெரியும், நல்லொழுக்கமுள்ளவன் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அவர் என் கையை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டார். அப்போதும் நான் சொல்லவில்லை.

இரண்டு மாதம் கழித்து அவனை விட்டார்கள். என் மனுவாலா, வேறு எதனாலா, தெரியாது. கடையைக் காலி செய்துகொண்டு ஊருக்குப் போய்விட்டான். போகும் நாளில் மனையின் பக்கம் தலையைக்கூடத் திருப்பவில்லை. மில்ஹெமும் கொட்டகையைவிட்டு வெளியே வரவில்லை. அந்தக் கோடையில் இஸ்ரேலோடு போர் வந்தது. மனை விற்கப்பட்டுப் பெரிய கட்டடம் எழும்பியது. மில்ஹெம் ஒரு ரொட்டிக் கம்பெனியில் வேன் ஓட்டப் போனான்.

2010 மார்ச்சில் ஒரு நாள் மில்ஹெம் என்னைத் தேடி வந்தான்.

"ஃபிராஸோட அம்மா செத்துட்டாங்க மிஸ். துக்கம் விசாரிக்கப் போகணும்."

"போய்ட்டு வா."

"தனியாப் போனா உள்ள விடுவாங்களான்னு தெரியலை. நீங்க மனு எழுதிக் குடுத்தவங்க. உங்களை அந்த வீட்டுல மறந்திருக்க மாட்டாங்க. கூட வர்றீங்களா?"

மறுக்க ஒரு காரணம் தேடினேன். கிடைக்கவில்லை. ரொட்டி வேனில் போனோம். அந்த வீட்டில் என்னை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். பெண்கள் என் கையைப் பிடித்து, "சாகறவரைக்கும் உங்க பேரைத்தான் சொல்லிக்கிட்டிருந்தா," என்றார்கள். அரை மணி நேரம் கழித்து ஃபிராஸ் என்னையும் மில்ஹெமையும் பின்கட்டுக்கு அழைத்துப் போனான். தலை பாதி நரைத்திருந்தது. முப்பத்திரண்டு வயதுதான். புகையிலை உலர்த்தும் பந்தலுக்குக் கீழே மூன்று நாற்காலி. உட்கார்ந்ததும் நேராகக் கேட்டான்.

"என் பேரை ஏன் சொன்ன மில்ஹெம்?"

"நான் சொல்லலடா."

"ஏழு மாசம். தினமும் ஒரே கேள்வி. செவ்வாக்கிழமை கொட்டகைக்குள்ள என்ன பண்ணினன்னு. 'கொஞ்சம் பாத்துக்கடா'ன்னு சொல்லி என்னை உக்கார வச்சிட்டுப் போனது நீ. அது உனக்குத்தானே தெரியும்?"

"நீ இருந்ததையே நான் சொல்லல. பூட்டிட்டு ரொட்டி வாங்கப் போனேன்னு சொன்னேன். கடைக்காரனைக் கூட்டிட்டு வந்து கேட்டாங்க. இவன் வரவே இல்லைன்னுட்டான். அந்த இருபது நிமிஷம் எங்க போனன்னு ஒன்பது நாள் தூங்க விடாமக் கேட்டாங்க. சொல்லல."

"எங்கதான் போன?"

மில்ஹெம் என்னைப் பார்க்கவில்லை. "அது இப்ப எதுக்கு?"

"சரி, நீ சொல்லலன்னே வச்சுக்குவோம். நான் வெளிய வந்தப்ப ஏன் வந்து பாக்கல?"

மில்ஹெம் கேட்கும் காதை அவன் பக்கம் திருப்பினான். பிறகு சொன்னான்: "நீயா இருக்குமோன்னு நினைச்சேன்."

ஃபிராஸ் தலையை ஆட்டினான். "நானும் உன்னைத்தான் நினைச்சேன். நீ பண்ணிட்டு, பழி என் மேல விழட்டும்னு என்னை உக்கார வச்சிட்டுப் போயிட்டன்னு."

"நானா? உஸ்தாதையா?"

"பின்ன நான் மட்டும் பண்ணுவேனா?"

உள்ளே யாரோ குர்ஆன் ஓதும் குரல் கேட்டது. நான் பேசாமல் இருந்திருந்தால் அவர்கள் பாதிச் சந்தேகத்தோடாவது கைகுலுக்கிப் பிரிந்திருப்பார்கள், எனக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் அதற்குமேல் என்னால் முடியவில்லை.

"நான்தான் சொன்னேன்," என்றேன். "உன்னைப் பால்கனியிலேருந்து பாத்தேன். அதிகாரி வந்து கேட்டார், சொல்லிட்டேன். மில்ஹெம் அப்ப என் வீட்டுலதான் சிலிண்டர் மாட்டிக்கிட்டிருந்தான். அதை மட்டும் சொல்லல."

ஃபிராஸுக்குப் புரிய நேரம் பிடித்தது. "மனு எழுதினப்ப இது தெரியும் உங்களுக்கு."

"தெரியும்."

"அம்மா குடுத்த அத்திப்பழத்தை வாங்கி வச்சுக்கிட்டீங்க."

அவன் எழுந்தான். கோபமாக ஏதாவது செய்வான் என்று நினைத்தேன். "உள்ள பெரியவங்க இருக்காங்க, அவங்களுக்கு இது தெரிய வேண்டாம். சாப்பிட்டுட்டுப் போங்க," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

திரும்பும் வழியில் சைதா ஊரைத் தாண்டியபின்தான் மில்ஹெம் பேசினான். இடது பக்கம் கடல் வந்துகொண்டே இருந்தது.

"உங்க பேரைச் சொன்னா தனியா இருக்கற பொம்பளை வீட்டுக்கு ராத்திரி பகல்னு வந்து நிப்பாங்க, தெரு வேற மாதிரிப் பேசும்னு நினைச்சேன் மிஸ். அதான் சொல்லல."

"தெரியும் மில்ஹெம்."

"சிலிண்டர் தூக்க வந்தான்னு நீங்க சொல்லியிருந்தா என்ன ஆகியிருக்கும்? அது ஒண்ணும் குத்தமில்லையே."

"பயந்துட்டேன்."

"எனக்கும்தான் பயம்."

இன்னும் கொஞ்ச தூரம் போனோம். வேனின் வேகத்தைக் குறைத்தான். சாலையைப் பார்த்தபடியே கேட்டான்: "சிலிண்டர் அன்னிக்குத்தான் தீந்துதா மிஸ்?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவனைக் கொட்டகையிலிருந்து நகர்த்தத்தான் அன்று கூப்பிட்டேனா என்று கேட்கிறான் என்பது பிறகுதான் விளங்கியது.

"அன்னிக்குத்தான்."

"சிலிண்டர் கடைக்காரன் எப்பவும் மேல கொண்டுவந்து வச்சிட்டுப் போவானே. அன்னிக்கு ஏன் கீழயே வச்சான்?"

"லிஃப்ட் ஓடல."

"ம்."

அவன் தலையசைத்தான். நம்பினானா என்று முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முயன்றேன். ஒன்பது நாள் அவனை உட்கார வைத்துக் கேட்டவர்களும் இப்படித்தான் அவன் முகத்தைப் பார்த்திருப்பார்கள். நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை. ஐந்து வருடத்துக்கு முந்தைய ஒரு சிலிண்டர் எந்த நாளில் தீர்ந்தது என்பதற்கு யாரிடம் போய்ச் சாட்சி வாங்க முடியும்? உண்மையைச் சொன்னால், அன்று வீட்டுக்குப் போய் நானே யோசித்தேன். அன்று சிலிண்டர் கொண்டுவந்த பையன் புதியவன். அதற்குமுன் அவனை நான் பார்த்ததில்லை. அதற்குப் பிறகும் பார்த்த ஞாபகம் இல்லை. இதை மில்ஹெமிடம் சொல்லலாமா என்று இரண்டு நாள் குழம்பினேன். மூன்றாம் நாள் போன் செய்து சொன்னேன். "சரி மிஸ்," என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தான்.

ஃபிராஸ் அடுத்த வருடம் ஆப்பிரிக்காவில் அபிஜானுக்குப் போய், அங்கிருந்த உறவினரோடு கடை போட்டான். அவனும் மில்ஹெமும் ஞாயிறுதோறும் போனில் பேசிக்கொள்கிறார்கள் என்று மில்ஹெமின் மனைவி மிர்னா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்று பந்தலுக்குக் கீழே பேசியதைப் பற்றி மட்டும் பேசுவதில்லையாம். உஸ்தாத் ஸுஹைல் வழக்கில் இன்றுவரை யார் மேலும் குற்றம் சாட்டப்படவில்லை. விசாரித்த நீதிபதி மாறினார், அடுத்தவர் ஓய்வு பெற்றார்.

பல வருடம் கழித்து மில்ஹெம் தன் மகளின் ஞானஸ்நானத்துக்கு என்னை அழைத்தான். தேவாலயச் சடங்குக்குப் பிறகு விருந்து. ஃபிராஸ் அபிஜானிலிருந்து வந்திருந்தான். என் மேசைக்கு வந்து பள்ளி எப்படி இருக்கிறது என்று கேட்டான். ஓய்வு பெற்றுவிட்டேன் என்றேன். அவன் பிள்ளைகளின் படத்தைக் காட்டினான். இரண்டும் பெண்கள்.

"அங்க பிரெஞ்சுதான் பேசுதுங்க. ஊர்க்கதை கேக்குதுங்க. நான் ஒண்ணும் சொல்றதில்லை மிஸ்," என்றான்.

அதற்குள் நடனம் ஆடக் கூப்பிட்டார்கள். மில்ஹெம் வந்து அவன் தோளைப் பிடித்து வரிசைக்கு இழுத்துப் போனான். நான் கேக் வெட்டும்வரை இருந்துவிட்டு, மிர்னாவிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினேன். வாசலில் மிர்னாவின் தம்பி, வீட்டில் கொண்டுபோய் விடுகிறேன் என்றான். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, எந்த வழியாகப் போகிறேன் என்றும் சொல்லாமல் நடந்தேன்.